டெல்பர்ட் வாசலில் படுத்த கடல் யானை

டெல்பர்ட் காலமெல்லாம் ஃப்ரெஸ்னோவில் பள்ளிப் பஸ் ஓட்டியவன். வாலில்லாத குரங்குகளை அதட்டி அதட்டியே தொண்டை தகரமாகிவிட்டது. அவன் காலை வணக்கம் சொன்னாலே எதிராளி கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுவான். ஓய்வு பெற்றதும் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு கடலோரப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தான். அங்கே பயணிகள் கூடாரம் போடும் முகாமைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பளம் கிடையாது. டிரெய்லர் நிறுத்த இடம் சும்மா. முன்னால் மணல், பின்னால் மலை. ராஜா மாதிரி இருக்கலாம்.

இருக்கத் தெரியவில்லை அவனுக்கு. மலைப்பாதையை விட்டு ஓரடி விலகினால் விஷச்செடியைப் பற்றிப் பாடம் நடத்துவான். மேசையில் ரொட்டித் துணுக்கு கிடந்தால் அதைத் திருட வரும் ரக்கூனைப் பற்றி இன்னும் நீளமாக. கடல் யானைகள் என்னும் ராட்சத சீல்கள் பழைய தோலை உரிக்கக் கரையேறும் பருவத்தில் ஆள் இன்னும் மோசம். 'அதற்கும் உனக்கும் நடுவில் ஒரு பஸ் நிற்கும் இடைவெளி வேண்டும், இது சட்டம்' என்று தானே பலகை எழுதி நட்டிருந்தான்.

புகார்கள் குவிந்தன. தேனிலவுக்கு வந்த ஜோடியைக்கூட, மார்ஷ்மெல்லோ மிட்டாய் சுடும் குச்சியைப் பிடிக்கத் தெரியவில்லை என்று அதட்டியிருக்கிறான். பூங்கா மேலாளர் மரிசெலா வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினாள். எதற்கென்று அவனுக்குத் தெரியும். இடம் போனால் ஃப்ரெஸ்னோவில் மச்சினன் வீட்டு வாசல்தான் கதி. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் மச்சினனின் அக்கார்டியன் வாசிப்பு.

வெள்ளி காலை சட்டைக்கு இஸ்திரி போட்டு, மீசையைச் சீவி, இன்று யாரையும் அதட்டுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு கதவைத் திறந்தான். அரைச் சாண் திறந்ததும் நின்றுவிட்டான். படியை அடைத்துக்கொண்டு ஒரு கடல் யானை. பழைய சுவரில் பெயின்ட் உரிவதுபோல் தோலுரிய, தொங்கும் மூக்கால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

விளக்குமாற்றை எடுத்தான். எதிரே அவன் எழுதிய பலகை அவனையே முறைத்தது. விளக்குமாற்றை வைத்துவிட்டான்.

முகாமே கூடிவிட்டது. காப்பியும் கையுமாக ஒருவன் கேட்டான்: "என்ன டெல்பர்ட், நடுவுல பஸ்ஸைக் காணோமே?"

"நானா அதுகிட்ட போனேன்? அதுதான்யா என்கிட்ட வந்துச்சு. நீ பின்னால தள்ளி நில்லு."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?"

"பீன்ஸ் டப்பா இருக்கு."

"அப்ப சரி. அதைத் தின்னுட்டு நீ உள்ளயே இரு. ராத்திரிக்குள்ள அது தானா ஓடிடும்."

மரிசெலா வந்து, ஒரு பஸ் நீளம் தள்ளி நின்று கத்தினாள்: "டெல்பர்ட், நாளைக்குள்ள இடத்தைக் காலி பண்ணணும். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு."

"பண்ணிடறேம்மா. ஆனா வண்டியை நகர்த்துனா படி அது மேல ஏறும். நகர்த்தட்டுமா?"

அவள் கடல் யானையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "இது எப்பப் போகும்?"

"தோல் முழுசா உரியணும். மாசம் ஒண்ணு ஆகும்."

சட்டம் அவளுக்கும் சட்டம்தானே. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, சுற்றிக் கயிறு கட்டச் சொன்னாள். டிரெய்லரும் கயிற்றுக்குள்ளே மாட்டிக்கொண்டது.

பின் ஜன்னல் வழியாகக் குதிக்கலாம். ஆனால் திரும்பி வந்தால் கடல் யானையை நெருங்கிய குற்றமாகிவிடுமே என்று டெல்பர்ட் உள்ளேயே கிடந்தான். முகாம்காரர்கள் தூண்டிலில் சோளரொட்டியைக் கோத்து ஜன்னலுக்கு வீசினார்கள். மூன்றில் ஒன்று அவன் மூஞ்சியில் விழுந்தது. திட்டவும் வழியில்லை. விருந்தாளி விழித்துக்கொள்ளுமே என்று, அதட்டலையெல்லாம் கிசுகிசுப்பாகவே அதட்டினான்.

ஒரு நாள் அது பளபளவென்று புதுத்தோலோடு கடலுக்குள் இறங்கிப்போனது. மரிசெலா வந்தாள்.

"வண்டியை எடுத்துடறேம்மா" என்று முணுமுணுத்தான்.

"சத்தமா பேசுங்க."

"வர மாட்டேங்குதும்மா. பழகிடுச்சு."

"தெரியும். இந்த மாசம் வந்ததே ஒரு புகார்தான். நீங்க பேசறது யார் காதுலயும் விழலையாம்." கயிற்றைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். "இருங்க. இதே மாதிரி இருங்க."

நன்றி சொல்லப் படியில் கால் வைத்தான். உரிந்து கிடந்த தோல் வழுக்கியது. அப்போது அவன் போட்ட கூச்சலில், மலைமேல் பாதையை விட்டு விலகி நடந்தவர்களெல்லாம் பாதைக்கே திரும்பிவிட்டார்கள்.