சாப்டீங்களா என்று ஒரு வரி

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம், பாலிகஞ்சில் என்னோடு ஒரே பிளாட்டில் இருந்தவள் கோயம்புத்தூர்க்காரி. நான் விருதுநகர். இருவருக்கும் ஐ.டி. வேலை, இருவர் போனிலும் டேட்டிங் ஆப். ஞாயிற்றுக்கிழமை காலை டீயோடு, யாருடைய முதல் மெசேஜுக்குப் பதில் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அவள் வழி சுலபம். மலையா, கடலா என்று ஒரே வரியை எல்லோருக்கும் தட்டிவிடுவாள். பதில் உடனே வரும். மலை என்பான் ஒருவன், கடல் என்பான் இன்னொருவன். அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது. நானோ ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி எழுதியிருப்பதை வரி விடாமல் படித்து, பாரா பாராவாக எழுதுவேன். வேலைக்கு மனுப் போடுகிற மாதிரி இருக்கிறது என்பாள். உண்மைதான். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் நன்றி என்று மட்டும் போட்டார்.

வெளியே சிரித்தாலும் எனக்குத் தனிமை தாங்கவில்லை. லீவு நாளானால் அவள் நண்பர்களோடு கிளம்பிவிடுவாள். என் ஒருத்திக்காக அடுப்பு பற்றவைக்க எனக்குப் பிடிக்காது. அம்மா போனில் சாப்டியா என்பாள், சாப்டேன் என்பேன், முடிந்தது. சென்னைக்கே திருப்பி அனுப்பச் சொல்லி மேனேஜருக்கு மெயில் எழுதி, திங்கட்கிழமை அனுப்பலாமென்று வைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு மதியம், சலித்துப்போய், புதிதாக ஆப்பில் வந்த ஒருவருக்கு சாப்டீங்களா என்று தட்டினேன். தாத்தா காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம் என்று போட்டிருந்தார். வெளியே கிளம்பிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, நீ டேட்டிங் ஆப்ல இருக்கியா, இல்ல கல்யாணப் பந்தியில பரிமாறிட்டு இருக்கியா?"

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு சாப்டேன் என்பதுதான் பதில். இவர் கொல்கத்தாவில் வளர்ந்தவர். இங்கே சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் யாரும் ஒரு வார்த்தையில் முடிப்பதில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் நீளமாக எழுதினார். காலையில் லுச்சி என்கிற மைதா பூரி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. மதியம் அம்மா வைத்த வத்தக்குழம்பு, மேல்வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, கொடுத்தனுப்பிய தக்காளிச் சட்னி, அதில் சர்க்கரை தூக்கல். கடைசியில், "நீங்க என்ன சாப்டீங்க?"

இந்த ஊருக்கு வந்தபின் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. பிஸ்கட் என்று எழுதினேன். கண் கலங்கிவிட்டது.

"பிஸ்கட்லாம் சாப்பாடா? சாயங்காலம் கரியாஹாட் வாங்க. தோசை கிடைக்கும்."

மேம்பாலத்துக்குக் கீழே, செஸ் ஆடுகிறவர்கள் பக்கத்தில் காத்திருந்தார். தோசை சுமார்தான், சாம்பாரிலும் சர்க்கரை. ஆனாலும் இரண்டு தோசை சாப்பிட்டேன். மறுநாள் ஆபீஸ் போனதும் அந்த மெயிலை அழித்தேன்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த கோயம்புத்தூர்க்காரி, பந்தியில் உட்கார்ந்து, முதல் கரண்டி நான்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தாள். பட்டுப்புடவையோடு குனிந்து போட்டேன். அவள் கேலி செய்யாமல் இருந்திருந்தால் அந்த வருஷத்தை என்னால் ஓட்டியிருக்க முடியாது.

எந்த முதல் வரி நல்லது என்று ஆபீஸில் சின்னப் பெண்கள் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. என் வரி மட்டமான வரி. அதையும் மதித்துப் பதில் சொன்ன மனிதருக்கு நன்றியோடு இருக்கிறேன். கார்டன் ரீச்சில் அவருக்கு ரயில்வே ஆபீஸ். மதியமானால் அங்கிருந்து இன்றும் கேட்கிறார், என்ன சாப்ட்ட என்று. பிஸ்கட் என்றால் பிஸ்கட் என்றே எழுதுகிறேன்.