பேர் எழுதிய சட்டி

மைக்கட்டியைத் தண்ணீர் விட்டு உரைத்தால் கற்பூரம் மணக்கும். ஜப்பான்காரர் அதை மையில் கலக்கிறார்களாம். கோயிலும் அப்படித்தான் மணக்கும், செத்தவீடும் அப்படித்தான். எனக்கு அத்தானின் அறை மணக்கிறது. நோர்வேயில், ட்வெய்ட்டாவில் ஆறாம் மாடி, யன்னலுக்கு வெளியே அழுக்கேறிய பனி, கட்டிலில் என் அக்காவின் கணவர், ஈரல் முழுக்கப் புற்று.

நடக்க முடிந்த காலத்தில் அவர்தான் என்னை ஒரு கண்காட்சிக்கு இழுத்துப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஜப்பானியக் கிண்ணம் ஒன்று இருந்தது. அதன் வயிற்றில் கறுத்த மை எழுத்து. பக்கத்திலிருந்த நோர்வேஜியக் குறிப்பை அத்தான் வாய்விட்டு வாசித்தார். ஊரும் பேரும் எழுதி, உள்ளே உணவு வைத்து, உயிர் எடுக்க வருகிறவனுக்குக் கொடுப்பார்களாம். என்னை விடு, இதை எடு.

“பார் மச்சான், எமனுக்கே லஞ்சம்! எங்கடை ஆக்கள் அவனோடை வாதாடித்தான் பாத்தவை. இவங்கள் சாப்பாடு போட்டிருக்கிறாங்கள்.”

திரும்பும் ரயிலில் கைபேசியில் எடுத்த அந்தக் கிண்ணத்தின் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாசியில் வைத்தியர்கள் மருந்தை நிறுத்தினார்கள். அடுத்த நாள் அத்தானின் அழைப்பு. “அந்தச் சட்டி ஒண்டு செய்து பாப்பமே?” குரலில் விளையாட்டு இருந்தது. அடியில் இல்லை.

பூக்கன்றுக் கடையில் மினுக்கம் பூசாத ஒரு மண்சட்டி வாங்கினேன். கட்டிலருகே இருந்து ஜப்பானிய மைக்கட்டியை உரைத்து அவர் பேரை எழுதினேன்.

“ஊர்?”

“ஊரை விடு. எந்த ஊரெண்டு எழுதிறது? பேர் காணும்.”

சோறு போட்டேன். பருப்பை எடுக்க, தலையாட்டினார். “பருப்பை வைச்சா அவன் என்னைத்தான் கொண்டுபோவான். நண்டுக்கறி வை.” ஒரு கரண்டி கஞ்சி இறங்காத மனிதர், கறியில் எலுமிச்சம்புளி விட்டாயா என்று கேட்டார்.

வேலை முடிந்து வந்த அக்கா குளிர்ச்சட்டையோடு வாசலில் நின்றுவிட்டாள். பிடித்த சாப்பாட்டைப் பேர் சொல்லி வைப்பது எங்களில் செத்தவருக்குத்தான். அந்தக் கணம்வரை எனக்கு அது தோன்றவேயில்லை.

“உயிரோடை கிடக்கிற மனுசனுக்குப் படைச்சு வைச்சிருக்கிறியள்! ரெண்டு பேருக்கும் விசரோ?”

சோற்றைக் குப்பையில் கொட்டினாள். சட்டியைக் குழாயின் கீழே பிடித்துத் தேய்த்தாள். சவர்க்காரம், கம்பிப் பஞ்சு, கடைசியில் நகம். மண் மையைக் குடித்துவிட்டிருந்தது. அவள் விரல்கள் கறுத்தன, பேர் போகவில்லை. தேய்த்துக்கொண்டே அழுதாள். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மரம் மாதிரி.

“விடுமப்பா,” என்றார் அத்தான் கட்டிலில் இருந்து. “என்ரை பேர்தானே, கிடக்கட்டும்.”

“இந்த வீட்டுக்குள்ளை கிடக்கக் கூடாது.” ஈரச் சட்டியை என் நெஞ்சில் தள்ளினாள். “கொண்டு போடா.”

அந்தக் கிழமையே அவர் போய்விட்டார். சட்டி மோர்டென்ஸ்ருட்டில் என் வீட்டுக் குசினி அலுமாரித் தட்டில் இருக்கிறது. அதில் நான் எதுவும் வைப்பதில்லை.

அக்கா சட்டியைத் தந்த அன்றைக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சட்டியைப் பையில் வைத்து, கதவைத் திறந்தேன். அறையிலிருந்து அவர் குரல் வந்தது. மூச்சு வாங்கி வாங்கி.

“மச்சான்! பேர் இருக்கிற இடத்துக்குத்தான் அவன் வருவான். உன்ரை கதவைத் தட்டினால், அத்தான் இஞ்சை இல்லையெண்டு சொல்லிவிடு.”