மண்டைக்காட்டில் கடல் இப்போது அமைதி

"லைவ் மாதிரியே இருக்கணும். இப்போ, இங்கேன்னு பேசுங்க. ரெக்கார்டிங்னு நேயருக்குத் தெரியவே கூடாது." எங்கள் பண்பலையில் வாய்ஸ் டிராக்கிங் தொடங்கிய நாளில் மேலாளர் சொன்னது இது. பாட்டுகளுக்கு இடையில் வரும் பேச்சைக் கருங்கல் ஊரிலுள்ள என் வீட்டில், எதிரொலி வராமலிருக்கச் சேலை பீரோவுக்குள் தலையை விட்டுப் பதிவு செய்வேன். இணையத்தில் ஏற்றிவிட்டால், நாகர்கோவில் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் குறித்த நேரத்தில் தானாக ஒலிபரப்பும். நானும் கூசாமல் புளுகினேன்.

மண்டைக்காட்டுக் கடற்கரைக் கோவிலில் கொடை விழா நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலே முக்காலுக்கான பேச்சைக் காலையிலேயே ஏற்றியிருந்தேன்: "இப்போ மண்டைக்காட்டுல கடல் அமைதியா இருக்கு. பிள்ளைகளோட காலை நனைச்சுட்டுப் போங்க."

நாலரைக்கு, கொடைக்குப் போயிருந்த என் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, காத்தே இல்ல, கள்ளக்கடல் ஏறுது. சொல்லாம கொள்ளாம அலை கரைக்கு மேல வருது. போலீஸ் விரட்டியும் ஜனம் தண்ணிய விட்டு வரல. கடையெல்லாம் ஒங்க ரேடியோதான் பாடுது."

இன்னும் கால் மணியில் அந்தக் கடைகளில் என் குரலே எல்லாரையும் தண்ணீருக்கு அழைக்கும். வீட்டில் கரண்ட் இல்லை, மோடம் செத்துக் கிடந்தது; ஏற்றியதை மாற்ற வழியில்லை. மேலாளர் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிலையத்தில் இருப்பது வாட்ச்மேன் செல்லையா அண்ணன் மட்டும். அவரை அழைத்தபோது மணி நாலு நாற்பத்திரண்டு.

"அண்ணே, ஓடிப்போய் ஸ்டுடியோவுக்குள்ள நில்லுங்க."

"செருப்பக் கழத்திட்டுப் போணும்லா, பொறு பிள்ள."

"மேசையில நாங்க மேலயும் கீழயும் தள்ளுவோம்லா, அந்தக் குமிழ எல்லாத்தையும் கீழ இழுங்க."

"பாட்டு நின்னு போவுமே. எனக்க வேல போயிரும்."

"போனா எனக்க வேலதான் போவும். இழுங்கண்ணே."

என் பாட்டரி ரேடியோவில் பாட்டு முடிந்து, "இப்போ மண்டைக்காட்டுல கடல்" என்று என் குரல் தொடங்கியது. அப்படியே அறுந்தது. வானொலிக்காரர்களுக்கு மௌனத்தைப் போல் பயம் தருவது வேறில்லை. அன்று அதைக் கேட்டு அழுதுவிட்டேன்.

"இனி கடைசிக் குமிழ மட்டும் மேல தள்ளி, மைக் பட்டன அமுக்குங்க. வாசல்ல சிவப்பு லைட் எரியும்."

"எரியுது. நான் என்ன சொல்ல?"

"உங்க மக அங்க நின்னா என்ன சொல்லுவிய, அதச் சொல்லுங்க."

ரேடியோவில் அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. "மக்கா, கள்ளக்கடல் ஏறுதாம். தண்ணில நிக்காதீங்க. பிள்ளையளத் தூக்கிட்டு மேல ஏறுங்க." இதையே ஐந்தாறு முறை சொன்னார்.

கால் மணி நேரத்தில் தங்கை மறுபடி அழைத்தாள். "கடைக்காரன் சத்தத்தக் கூட்டி வச்சான். எல்லாரும் மேல ஏறிட்டோம். நாங்க நின்ன எடத்துல இப்போ ஆளுயரத் தண்ணி."

மறுநாள் மேலாளர் குதித்தார். "வாட்ச்மேன் ஸ்டுடியோக்குள்ள போறதா?"

"செருப்பக் கழத்திட்டுதான் சார் போனேன்" என்றார் செல்லையா அண்ணன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: காலையில் பேசிவிட்டு மாலைக் கடலுக்கு உறுதி கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், வெட்கப்படாமல் பாட்டை நிறுத்துங்கள்.