கிராமை வெட்டுகிறவள்

வெள்ளவத்தை ரியூசன் வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவள். பெயர் தெரியாது. எந்த இரசாயனக் கணக்கிலும் பின்னத்தின் மேலேயும் கீழேயும் உள்ள கிராம் என்ற அலகைச் சிவப்புப் பேனையால் வெட்டிய பிறகுதான் விடை எழுதுவாள்.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்து, மொட்டைத் தலையோடு நான் வகுப்புக்குத் திரும்பிய அன்று எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். அவள் என் கணக்குக் கொப்பியைப் பார்த்தாள். முப்பத்தாறு கிராம் தண்ணீரில் எத்தனை மூல் என்று காண, ஒரு மூலின் நிறையான பதினெட்டு கிராமால் பெருக்கி வைத்திருந்தேன்.

"பெருக்கினா கிராம் வெட்டுப்படாது. பிரியுங்கோ. ரெண்டு மூல்."

பிரித்தேன்.

"மொட்டை ஆருக்கு?"

"அப்பாவுக்கு."

"எங்கட அப்பாவும் போன மாசம் தவறிட்டார்," என்றாள், அதே குரலில். "எனக்கு மொட்டை இல்லைதானே. இங்க ஒருத்தருக்கும் தெரியாது."

அடுத்த கணக்கில் கிராமை வெட்டத் தொடங்கினாள். நான் அவளுடைய பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.