டச்சப் மாஸ்டர்

மூக்கிலிருந்துதான் ஆரம்பிப்பார். மூக்கின் மேலிருக்கும் கரும்புள்ளிகளைக் கணினித் திரையில் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுக் கன்னத்துக்கு வருவார். பிறகு கண்ணுக்குக் கீழே கருவளையம், கடைசியாகக் கழுத்துச் சுருக்கம். ஒரு மனிதன் பாடுபட்டுச் சேர்த்த கவலையெல்லாம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் காணாமல் போய்விடும். "பாருங்க சார், இப்பத்தான் நீங்க நீங்களா இருக்கீங்க" என்பார். வாடிக்கையாளர் தன் படத்தையே பணக்காரத் தம்பி ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வாங்கிப் போவார். பாஸ்போர்ட் அலுவலகத்தில் 'இது நீங்கள் இல்லை' என்று திருப்பி அனுப்பினால் அதற்கு மாஸ்டர் பொறுப்பல்ல.

தெருவில் அவருக்கு டச்சப் மாஸ்டர் என்றுதான் பெயர். அவருடைய ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் நான் குடியிருக்கிறேன். சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. அது அவர் தலைக்கு மட்டுமான சீப்பும் அல்ல. எதிரே வருகிறவர் தலை கலைந்திருந்தால் கேட்காமலேயே வாரிவிடுவார். டீக்கடையில் முன்பின் தெரியாதவரின் காலரை இழுத்து நேராக்கியதற்காக ஒருமுறை அடி வாங்கப் பார்த்தார். அவருக்கு உலகத்தின் மேல் இருக்கும் ஒரே புகார், அது டச்சப் செய்யாமல் வெளியே வந்துவிட்டது என்பதுதான். "இருக்கறது தப்பில்ல சார், வெளியில தெரியறதுதான் தப்பு." இதை அவர் பருவைப் பற்றித்தான் சொல்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அவருக்கு ஒரே மகள், ஏழாம் வகுப்பு. வாய்த்துடுக்கான பெண். மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வயதானபின் வருகிற வகை அல்ல, குழந்தைகளுக்கு வருவது. உடம்பில் இன்சுலினே சுரக்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். புஜத்தில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வெள்ளை வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். அதன் பக்கத்தில் கைப்பேசியைக் கொண்டுபோனால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லும்; கண்டபடி இறங்கினால் கைப்பேசி கத்தும். "இவ எல்லாம் செய்யலாம், ஓடலாம், ஆடலாம். சுத்தி இருக்கறவங்களுக்கு மட்டும் விஷயம் தெரிஞ்சிருக்கணும்" என்று டாக்டர் சொன்னாராம். மாஸ்டர் முதல் பாதியைக் கேட்டுக்கொண்டு இரண்டாம் பாதியைத் துடைத்துவிட்டார்.

அதன்பின் ஆளுக்கொரு கதை. பள்ளிக்கூடத்தில், வெயில் பட்டால் தோல் தடிக்கும், அதனால் முழுக்கைச் சட்டை. வீட்டுக்காரரிடம், அந்தக் கைப்பேசிச் சத்தம் ஆபீஸ் மெயில். ஸ்டூடியோவுக்கு எந்த ஆபீஸிலிருந்து மெயில் வரும் என்று அந்த நல்ல மனிதர் கேட்கவில்லை. என்னிடம் வைட்டமின் ஊசி என்றார். நாளெல்லாம் இப்படி வைட்டமின் ஏற்றினால் அந்தப் பெண் இந்நேரம் மல்யுத்தத்துக்கே போயிருக்க வேண்டும். எதையோ மறைக்கிறார் என்பது தெரிந்தது. எதை என்பது தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவர் தட்டுக்கு ஒரு துண்டாக ஊர் முழுக்க மறைத்து வைத்தார். எந்தத் துண்டு எந்தத் தட்டில் என்பது அவருக்கே சில சமயம் குழம்பும்.

அவருடைய பொய்களிலேயே அழகானது தன் அக்காவிடம் சொன்னது: "அவளுக்கு இனிப்பே பிடிக்காதுக்கா."

அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தம்பி மகளைப் போல உண்டா என்று போகிற இடமெல்லாம் பாராட்டு. தன் இரண்டு மகன்களை நிற்க வைத்துச் சொல்வார்: "உங்க மாமா பொண்ணைப் பாருங்கடா. ஒரு சாக்லேட்டைத் தொட்டிருக்காளா? நீங்களும் வந்து வாச்சிருக்கீங்களே." அந்தப் பையன்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவளோ அத்தை வீட்டில் கேக் தட்டு தன்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதன் பின்னாலேயே கண்ணை அனுப்பிவிட்டு, "வேண்டாம் அத்தை" என்பாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு இந்த நாடகம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஏங்க, அவ என்ன திருடிட்டா வந்திருக்கா?" என்று படிக்கட்டில் வைத்தே ஒருநாள் கேட்டார். மாஸ்டர் சீப்பை எடுத்துத் தலை வாரினார். பதில் இல்லாதபோதெல்லாம் அவர் தலை வாருவார்; மனைவி கேள்வி கேட்கும் நாட்களில் படிய வாரிய தலையோடுதான் கடைக்கு வருவார்.

இதற்கெல்லாம் வாடகை கொடுத்தவள் அந்தப் பெண்தான். பள்ளிக்கூடக் கழிப்பறையில், கதவில் முதுகை முட்டுக்கொடுத்து ஊசி போட்டுக்கொள்வாள். சுற்றுலா என்றால் அன்றைக்குப் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் வரும். ஒருநாள் சர்க்கரை இறங்குகிறது என்று வகுப்பிலேயே பிஸ்கெட்டைப் பிரித்துவிட்டாள். டீச்சர் வெளியே நிறுத்தினார். வெளியே நின்று பாக்கிப் பிஸ்கெட்டையும் தின்று முடித்தாள். காரணம் கேட்டதற்கு, "பசிச்சுது மிஸ்" என்றாளாம். அப்பா பிள்ளை.

வருடா வருடம் அவள் பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் ஒரு படம். அதில் புஜத்து வில்லையை மாஸ்டர் அழித்துவிடுவார். கடை முகப்பில் மாட்டியிருக்கும் படங்களில் அவள் கை உரித்த முட்டைபோல இருக்கும். "அது எங்கப்பா போச்சு?" என்று கேட்டாளாம். "வெளிச்சத்துல தெரியலம்மா" என்றாராம். வில்லை இல்லாத அந்தப் பெண்ணை அவருக்கு இவளைவிடப் பிடித்திருந்தது என்று சொன்னால் அநியாயமாக இருக்கும். ஆனால் முகப்பில் இருந்தவள் என்னவோ அந்த வில்லை இல்லாதவள்தான்.

அக்காவின் இருபத்தைந்தாவது திருமண நாள். வீட்டிலேயே விருந்து. மாஸ்டர் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. விளக்குப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று மாஸ்டர் என்னை இழுத்துக்கொண்டு போனார். எழுத்தாளன் சும்மாதானே இருக்கிறான் என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை.

பகல் சாப்பாட்டுக்கு மேசையில் தட்டு வைக்க ஆரம்பித்தார்கள். மாஸ்டர் மகளுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் குளியலறைக்குப் போய்விட்டு வந்தாள். எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது. சாப்பாட்டுக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் கண் ஜன்னல் பக்கம் போனது. "அக்கா, இந்த வெளிச்சம் போனா வராது. எல்லாரும் வந்து நில்லுங்க. அஞ்சே நிமிஷம், அப்புறம் சாப்பிடலாம்."

மாஸ்டரின் ஐந்து நிமிடத்தில் பிறந்த பிள்ளை பல் முளைத்து நடக்க ஆரம்பித்துவிடும். உயரமானவர்களைப் பின்னால் தள்ளினார். ஒருவரின் காலரை இழுத்தார். அக்கா கணவரின் தலையை வாரினார். அது வழுக்கைத் தலை. அக்காவை இடது பக்கம் நிறுத்தி, வலது பக்கம் மாற்றி, மறுபடி இடது பக்கமே கொண்டுவந்தார். மகளின் கைப்பேசி அவருடைய கேமரா பைக்குள், வாய் அடைக்கப்பட்டுக் கிடந்தது. விசேஷ வீட்டில் அது கத்தினால் யாருக்குப் பதில் சொல்வது?

அவள் இரண்டாம் வரிசையில் ஓரமாக நின்றாள். பசியால் வாடியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். திடீரென்று வரிசையை விட்டு வந்து, மேசையிலிருந்த ஜூஸ் கிளாஸ் ஒன்றை எடுத்தாள். வாய்க்குப் போகுமுன் அத்தை பாய்ந்து வந்து பிடுங்கிவிட்டார்.

"யாரு இதை இவகிட்ட குடுத்தது? இவளுக்குத்தான் இனிப்புன்னாலே ஆகாதே. தண்ணி குடி கண்ணு."

அத்தனையும் பாசம். பெண் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குள் இருந்தார்.

"இடத்துக்குப் போம்மா. வெளிச்சம் போகுது."

அவள் போய் நின்றாள். விஷயம் தெரிந்தபின் எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

"மூஞ்சி பளபளங்குது பாரு, துடைச்சுக்கோ" என்றார். அது வேர்வை. அவள் கையைத் தூக்கினாள். கை முகம்வரை போகாமல் பக்கத்தில் நின்ற பையனின் தோளில் விழுந்தது. அப்போதுதான் மாஸ்டர் கேமராவில் அவள் முகத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். கேமராவைக் கீழே இறக்கினார். அப்போதும் அந்த வாயிலிருந்து முதலில் வந்தது, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, லேசா மயக்கம்." பழக்க தோஷம்.

"அப்ப தண்ணியக் குடுங்க" என்றார் அக்கா. ஜூஸ் கிளாஸ் இன்னும் அவர் கையில் பத்திரமாக இருந்தது.

"அப்பா" என்றாள் பெண். நாக்கு குழறியது.

மாஸ்டர் ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டு கத்தினார்: "சுகர்க்கா. இவளுக்குச் சுகர் இருக்கு. மூணு வருஷமா இருக்கு. இப்ப இறங்கிடுச்சு. அந்த ஜூஸைக் குடு."

அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்: "இனிப்பே பிடிக்காதுன்னியேடா?"

"பிடிக்கும்க்கா" என்றார் மாஸ்டர். அவர் குரல் உடைந்துவிட்டது. "அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவர் கிளாஸைப் பிடித்துக்கொள்ள, அவள் மடக்கு மடக்காகக் குடித்தாள். கூடம் முழுவதும் நின்று பார்த்தது. பைக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்து, எல்லார் எதிரிலும் அவள் சட்டைக் கையைச் சுருட்டி, வில்லையின் பக்கத்தில் வைத்தார். எண் மெல்ல ஏறியது. இத்தனை வருடமாக மாஸ்டர் எந்த வார்த்தைக்குப் பயந்து ஊரெல்லாம் பொய் சொன்னாரோ, அந்த வார்த்தை சோபாப் பக்கமிருந்து சரியாக வந்தது: "ஐயோ, பாவம்."

முகத்தில் ரத்தம் திரும்பியிருந்த அந்தப் பெண் சோபாவைப் பார்த்துச் சொன்னாள்: "பாவம்லாம் இல்ல. சாப்பாடு எப்பப் போடுவீங்க?"

அத்தை மகன்கள் இருவரும் அன்றுதான் முதல்முறையாக அவளோடு பேசினார்கள். அதில் சின்னவன் தன் கேக்கிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான். அந்தத் துண்டுக்கு எவ்வளவு ஊசி என்று அவள் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டு, அங்கேயே போட்டுக்கொண்டாள். சாப்பாடு முடிந்தபின் படம் எடுத்தார்கள். ஜன்னல் வெளிச்சம் போயே போயிருந்தது. மாஸ்டர் கேமராவைத் தானே எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிவந்து ஓரத்தில் நின்றார். மகள் சுருட்டிய கையை இறக்கிவிடவில்லை.

அடுத்த வாரம் கீழே இறங்கியபோது அந்தப் படம்தான் திரையில் இருந்தது. நான் பின்னால் போய் நின்றேன். மூக்கிலிருந்து ஆரம்பித்திருந்தார். அக்காவின் கருவளையம் போயிற்று. அக்கா கணவரின் வழுக்கையில் விழுந்த பளபளப்பு போயிற்று. பையன் சட்டையிலிருந்த கேக் கறை போயிற்று. பிறகு மகளிடம் வந்தார். புஜத்தைப் பெரிதாக்கினார், வெள்ளை வில்லை திரை முழுக்க நிறைந்து நின்றது. அம்புக்குறி அதன் விளிம்பில் போய் நின்று, நகரவே இல்லை. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். தலை வாராமல் மேசையில் வைத்தார். படத்தை மறுபடி சிறிதாக்கி, ஓரத்தில் நின்ற தன் முகத்துக்குப் போய், அழுது சிவந்திருந்த இரண்டு கண்களையும் வெள்ளையாக்கத் தொடங்கினார்.