தோல்வாரில் கம்பெனி கிரீஸ்

எது கிறீச்சிட்டாலும் வசந்தகுமாருக்குக் கை சும்மா இருக்காது. ஒரகடத்துக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. வடக்குப்பட்டு வீட்டிலும் கதவுக் கீல், தையல் மெஷின், சைக்கிள் செயின் எதையும் விட்டுவைக்க மாட்டான். "எண்ணெய் போட்டா எல்லாம் வழிக்கு வரும்" என்பான். மெஷின்களுக்கெல்லாம் பெரிய டாக்டர், பேசாமல் இருப்பானா!

மாமனார் தணிகாசலம் பக்கவாதத்தில் படுத்து ஒரு வருஷம் ஆகிறது. பேச்சு குழறும், கழுத்து தானாகத் திரும்பாது. ஆனாலும் சவரம் என்றால் மனுஷனுக்குப் பழைய மடக்குக்கத்திதான் வேண்டும். அதைத் தீட்ட ஒரு தோல்வார் வைத்திருந்தார். நன்றாக இருந்த காலத்தில் தினமும் அதை உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றிப் பதமாக்குவார். எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். இப்போது அவருக்குச் சவரம் செய்துவிடுவது மருமகன் வேலை.

சின்ன மச்சினி இசைவாணிக்கு நிச்சயம் வந்தது. மணிமங்கலத்துச் சம்பந்தி வீட்டார் எதிரில் மழமழவென்ற முகத்தோடு உட்கார வேண்டும், அது ஒன்றுதான் தணிகாசலம் கேட்டது. தோல்வாரோ வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடந்தது. முந்தின நாள் வசந்தகுமார் கம்பெனியில் கழித்துப்போட்ட கிரீஸை ஒரு டப்பாவில் அள்ளிவந்து, வீடே பார்க்க, வாரில் அப்பினான்.

"வேணாம் மாப்ள... கைச்சூடே போதும்" என்று குழறினார் கிழவர்.

"நீங்க சும்மா இருங்க மாமா. கம்பெனில அவ்ளோ பெரிய பிரஸ் மெஷினே இதுலதான் ஓடுது."

காலையில் கத்தியை வாரில் இழுத்தால் நறநறவென்கிறது. இரும்புத்தூள்! மெஷின் தேய்ந்து உதிர்ந்த தூள் பழைய கிரீஸில் கிடக்கும் என்று அவனுக்கா தெரியாது? கடைக்கு ஓடி ஒரு ரேசர் வாங்கியிருக்கலாம். நேற்று அத்தனை பேர் முன்னால் பீற்றிக்கொண்ட வாயாயிற்றே! நுரையைப் பூசி ஆரம்பித்துவிட்டான். கத்தி முடியைப் பிடுங்கியது. கிழவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இடது கன்னத்தில் கொஞ்சம் அழுத்தினான். காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் கிழித்துவிட்டது.

மாமியார் செங்கமலம் அலறிக்கொண்டு வந்தாள். "ஐயையோ! இன்னா மாப்ள ஆச்சு?"

பின்னாலேயே அவன் பெண்டாட்டி கவிப்பிரியா படிகாரத்தோடு வந்து நின்றாள். வசந்தகுமார் கத்தியை மடக்கிக் கீழே வைத்தான். கிரீஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வாயில் வரவில்லை.

"அவர ஒண்ணும் சொல்லாத" என்றார் தணிகாசலம். "நாந்தான்... டக்குனு தலைய திருப்பிட்டேன்."

வசந்தகுமாருக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. கவிப்பிரியா ஜன்னல் கம்பியில் கறுத்துத் தொங்கிய தோல்வாரைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை.

செங்கமலம் காயத்தைத் துடைப்பதற்காகப் புருஷன் தலையை ரெண்டு கையாலும் பிடித்து, மெதுவாகத் திருப்பி வைத்தாள்.