யாரும் அழவில்லை என்று வெட்டிய முந்நூறு வரிகள்

படம் ஓடினால் நம்மை ஒருவரும் நினைப்பதில்லை, ஓடாவிட்டால் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துத் திட்டுவார்கள். இலவச வீடியோ மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழும் என் இனத்து ஜென்மங்களே, இதுதான் நம் பிழைப்பு.

தலைகீழாய் நின்றவர்கள்

அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருக்க முடியாமல், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஒரு வீடியோ மென்பொருளுக்குள் புகுந்தேன். கண்ட கண்ட கருவிகள் எழுதிவைத்த கோப்புகளைப் படித்துப் படமாகவும் சத்தமாகவும் ஆக்குவது அதன் வேலை. ஒருமுறை நான் அதன் நிரலில் ஒரு கழித்தல் குறியைத் தப்பாகப் போட்டேன். பிரேசிலில் திரைக்குள் பந்தாடியவர்கள் அத்தனை பேரும் தலைகீழாய் நின்றார்கள், பந்து வானத்துக்குள் விழுந்தது. இதில் பாதியை நம்புங்கள். மீதி எங்கள் ஊர்ச் சுண்ணாம்புத் தூசி.

பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி பழைய பஸ் கண்டக்டர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப எங்க வூட்ல படம் ஓடலேன்னா, இனிமே உங்களைத் திட்டிக்கலாங்களா?"

மூன்று மாத மௌனம்

பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் கருவி ஒன்று முன்பு இருந்தது. அது சத்தத்தை மட்டும் யாருக்கும் புரியாத ஒரு முறையில் எழுதிவைக்கும். அதைப் படிக்க எங்கள் மென்பொருளின் நிரலில் முந்நூறு வரிகள் கிடந்தன. எழுதியவர் எங்கே என்று தெரியாது. எதைத் திருத்தினாலும் அந்த இடம்தான் முதலில் உடையும்.

இப்படிப்பட்டதை வெட்டுமுன் எங்கள் மின்னஞ்சல் குழுவில் கேட்பது வழக்கம்: "இதை யாராவது பயன்படுத்துகிறீர்களா?" மூன்று மாதம் பொறுப்போம். நான் கேட்டேன், பொறுத்தேன். ஒரு குரலும் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் கூட்டாளி எழுதினார்: "யாரும் அழவில்லை, வெட்டிவிடு."

பாட்டு போடும் வழக்கம்

வெட்டிய பெருமையோடு பஸ் ஏறி ஜெயங்கொண்டம் போய், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ செல்வராஜின் கம்ப்யூட்டரில் புதுப் பதிப்பை நானே போட்டுக் கொடுத்தேன். அவர் தம் அப்பா காலத்தில் அந்தப் பழைய கருவியால் ஏற்றிவைத்த கோப்புகளை எல்லாம் மொத்தமாகப் புது வடிவத்துக்கு மாற்றினார். படம் பளிச்சென்று வந்ததும், இடம் அடைக்கிறது என்று பழையவற்றை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்த முகூர்த்தக் கல்யாணங்களை ஏற்றிவிட்டார்.

சத்தம் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்ததே பல மாதம் கழித்துத்தான். கேசட்டுகள் பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பைக்குப் போயிருந்தன. மாற்றும்போது ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லையா என்றேன். "விசேஷ வீடியோன்னா சத்தத்தை அமுக்கிட்டு சினிமாப் பாட்டுதான் சார் போடுவோம். உள்ள பேசுறதை எவன் கேட்டான்?"

வரதராஜன்பேட்டை அம்மா

கேட்கத்தான் ஒருவர் வந்தார். ஆரோக்கியமேரி, வரதராஜன்பேட்டை. மகளின் ஞானஸ்நான வீடியோவில் அவர் கணவர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். பிள்ளைக்குப் பல் முளைக்குமுன் லாரி விபத்தில் போய்விட்டார். அவர் குரல் இருந்தது அந்த ஒரு கோப்பில்தான். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். அப்பா குரலை ஒரு தடவை கேட்க வேண்டுமாம்.

செல்வராஜ் கையைக் காட்ட, என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அன்றைக்கே முந்நூறு வரிகளையும் திரும்பச் சேர்த்தேன். அழிந்த கோப்பைத் தோண்டவும் பார்த்தேன். அதன்மேல் நாலு கல்யாணம் உட்கார்ந்திருந்தது. வெட்டியவன் நான்தான் என்று சொன்னேன்.

அந்தப் பெண் திரையையே பார்த்துவிட்டு அம்மாவிடம், அப்பா அதில் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். அந்த அம்மா சொன்னார்: "வீடியோவுலதான் இருக்குதேன்னு நானும் மனசுல வச்சுக்கலம்மா."

இன்றைக்கு எங்கள் மென்பொருளில் ஒரு புகாரும் வராத பகுதி அந்த முந்நூறு வரிகள்தான், ஓட்டிப் பார்க்க எனக்குத் தெரிந்து ஒரு கோப்பும் மிச்சமில்லை.